வெண்ணெய்க் கோபுரமும் வெறும் வயிறும்

"கோவில் என்றால் பாய்கிறது உங்கள் பேனா, தேவாலயத்தின் வாசலில் மட்டும் ஏன் பதுங்குகிறது?" என்று நம்மைக் கேட்போர் உண்டு. இக்கேள்வி நேர்மையோடு எழுவது குறைவு. கேட்பவரின் கருத்தெல்லாம் பெரும்பாலும் ஏகாதசியையும் கார்த்திகை விரதத்தையும் நம் ஆராய்ச்சியிலிருந்து காப்பாற்றி விடுவதிலேயே இருக்கிறது. ஆயினும் கேள்வி கேள்விதான். ஒரு மதத்துக்கு ஒரு தராசு, மறு மதத்துக்கு வேறு தராசு என்று நாம் வைத்திருக்கவில்லை. ஆகவே கிறித்தவத் திருச்சபையின் நாற்பது நாள் நோன்பை இங்கே எடுத்துக் கொள்கிறோம்.

எடுத்துக்கொள்ளத் தூண்டியவன் நம் வகுப்பு மாணவன் ஒருவன். "ஐயா, தவக்கால வெள்ளிக்கிழமையில் இறைச்சி கூடாதாம், மீன் மட்டும் ஆகுமாம். ஏன், மீனுக்கு உயிர் இல்லையா?" என்று கேட்டான். வகுப்பு சிரித்தது. நாம் சிரிக்கவில்லை, விடை தெரியாத ஆசிரியன் எப்படிச் சிரிப்பான்? நாளை சொல்கிறோம் என்று தப்பித்துக் கொண்டு, ஏடுகளைப் புரட்டினோம். அந்தச் சிறுவனின் கேள்விக்குப் பின்னால் ஆயிரம் ஆண்டு ஐரோப்பாவே அணிவகுத்து நின்றது!

முதலில் நோன்பு இன்னதென்று பார்ப்போம். கத்தோலிக்கர் இதனைத் தவக்காலம் என்பர். சீர்திருத்தச் சபையார் லெந்து நாட்கள் என்பர். லெந்து என்பது பழைய ஆங்கிலத்தில் வசந்தத்தின் பெயர். பகல் நீளுகின்ற பருவம் என்பது அதன் பொருள். மரம் தளிர்க்கும் பருவத்தின் பெயரை வயிறு வாடும் நாட்களுக்குச் சூட்டிவிட்டார்கள். சாம்பல் புதனில் தொடங்கி, உயிர்த்த ஞாயிறுக்கு முந்திய சனி வரை எண்ணினால் நாற்பத்தாறு நாள் வரும். ஞாயிறு ஆறும் கொண்டாட்ட நாளென்று கழித்தால் நாற்பது. பாலைவனத்தில் இயேசு நாற்பது நாள் உண்ணாதிருந்தார், கல்லை அப்பமாக்கிக் காட்டு என்று அலகை அவரைச் சோதித்தது என்பது சுவிசேடக் கதை. அதன் நினைவே இந்த நாற்பது என்பர்.

தொடக்க நாளில் பாதிரியார் நெற்றியில் சாம்பல் இடுகிறார். முந்திய ஆண்டுக் குருத்தோலை ஞாயிறன்று ஏந்திய ஓலைகளை எரித்த சாம்பல் அது. நீ மண், மண்ணுக்கே திரும்புவாய் என்று நினைவூட்டுகிறார். நம் நாட்டுக் கத்தோலிக்கர் பலர் இந்நாளை விபூதிப் புதன் என்றே வழங்கினர். பக்கத்து வீட்டுக்காரனின் திருநீற்றைப் பார்த்து அஞ்ஞானம் என்று சொன்ன வாய், தன் வீட்டுத் திருநீற்றை ஞானம் என்றது; போகட்டும். இச்சடங்கில் ஒரு நல்ல கருத்து இல்லாமல் இல்லை. அரசன் நெற்றிக்கும் ஆண்டி நெற்றிக்கும் அதே சாம்பல். எல்லோரும் மண்தான் என்றால், மண்ணுக்குள் மேல் மண், கீழ் மண் ஏது? ஆனால் நெல்லைச் சீமையின் வடக்கன்குளத்தில், அதே சாம்பலை நெற்றியில் ஏந்தியவர்கள், தேவாலயத்துக்குள் சாதிக்கொரு பக்கமாகச் சுவர் வைத்துக்கொண்டு அல்லவா வழிபட்டார்கள்? 1910-ஆம் ஆண்டிலேதான் அந்தச் சுவர் இடிந்தது. நெற்றியில் ஏறிய சாம்பல் நெஞ்சில் இறங்க எத்தனை தவக்காலம் கடந்து போயிற்று!

இந்த நாற்பது நாளை விதித்தவர் யார்? இயேசு நோன்பிருந்தார் என்று ஏடு கூறுகிறதே தவிர, ஆண்டுதோறும் நாற்பது நாள் நீங்களும் இருங்கள் என்று அவர் ஆணையிட்டதாகக் கூறவில்லை. நோன்பிருந்தால் முகத்தை வாட்டிக்கொண்டு ஊருக்குக் காட்டாதே, தலைக்கு எண்ணெய் தடவி, முகம் கழுவி, மறைவாக இரு என்றுதான் மத்தேயு ஏட்டின் ஆறாம் அதிகாரத்தில் சொல்கிறார். (அதே பகுதியைப் படித்துவிட்டுத்தான் நெற்றிச் சாம்பலோடு தெருவில் நடக்கிறார்கள்.) இரண்டாம் நூற்றாண்டின் இறுதியில் இரேனியு என்ற ஆயர் எழுதிய மடலொன்று உண்டு. ஈஸ்டருக்கு முன் சிலர் ஒரு நாள் நோற்கிறார்கள், சிலர் இரண்டு நாள், சிலர் அதற்கும் மேல், சிலர் நாற்பது மணி நேரம் என்று அவர் எழுதுகிறார். அந்த வேற்றுமையைக் குற்றமாகவும் அவர் கொள்ளவில்லை. 325-இல் நிக்கேயாவில் கூடிய ஆயர் பேரவையின் விதிகளிலே 'நாற்பது' தலைகாட்டுகிறது. அதன் பிறகு கண்டிப்பும் கணக்கும் வளர்ந்தன. ஆக, மணி நாளாயிற்று, நாள் வாரமாயிற்று, வழக்கம் சட்டமாயிற்று. மனிதர் வகுத்ததை மனிதர் ஏன் என்று கேட்பதில் தெய்வ நிந்தனை எங்கே வந்தது?

சட்டமான பின் அது ஐரோப்பாவின் அடுப்படிக்குள் நுழைந்தது. நாளுக்கு ஒரே வேளை உணவு. இறைச்சி கூடாது, பாலும் வெண்ணெயும் முட்டையும் கூடாது. பருவத்தையும் எண்ணிப் பாருங்கள். பனிக்காலம் முடிந்து வயல் இன்னும் விளையாத வேளை. குதிர் காலியாகும் மாதம். ஏழைக் குடியானவன் வீட்டில் ஆணையிடாமலே நோன்பு நடந்துகொண்டிருக்கும். பசித்தவனைப் பார்த்து, பசித்திரு என்பது கட்டளையா, கேலியா?

மாணவன் கேள்விக்கு இங்கேதான் விடை கிடைத்தது. பதின்மூன்றாம் நூற்றாண்டின் பேரறிஞரான தாமஸ் அக்குவினாஸ் காரணம் காட்டுகிறார். நிலத்தில் வாழ்ந்து மூச்சுவிடும் விலங்குகள் மனித உடலுக்கு நெருக்கமானவையாம். அவற்றின் ஊன் மிகுந்த சுவையும் ஊட்டமும் தருமாம். மிஞ்சிய ஊட்டம் வித்தாகிக் காமத்தை மூட்டுமாம். மீனுக்கு அவ்வளவு வலிமை இல்லையாம்! மணலில் பிறந்து அலையில் வளர்ந்து, மூன்று வேளையும் மீன் உண்ணும் கடற்கரைச் சேரிகளில் குழந்தையே பிறப்பதில்லை போலும்!

விதி வந்தால் விதிவிலக்கு வராதா? பன்னிரண்டாம் நூற்றாண்டில் அயர்லாந்தைச் சுற்றிவந்து எழுதிய வேல்ஸ் நாட்டு ஜெரால்டு ஒரு செய்தி சொல்கிறார். ஒரு வகை வாத்து, முட்டையிலிருந்து அன்றி, கடலில் மிதக்கும் மரக்கட்டையில் முளைக்கிறது என்று மக்கள் நம்பினராம். ஊனிலிருந்து பிறக்காதது ஊன் அன்று என்று கூறி, ஆயர்களும் துறவியரும் நோன்பு நாளில் அதை உண்டனராம். தென் அமெரிக்காவின் வெனிசுவேலாவில், நீரில் நீந்தும் காப்பிபாரா என்னும் பெருங்கொறிணி மீனாகக் கணக்கிடப்பட்டது. தவக்காலத்தில் அதை உண்பது அங்கு இன்றைக்கும் உள்ள வழக்கம். நாலு காலும் மயிரும் பல்லும் உள்ள மீன்! வாத்து மரத்தில் காய்க்கிறது, எலி மீனாகிறது. நம் புராணிகர்கள் வெட்கித் தலைகுனிய வேண்டும். இவ்வளவு துணிவு அவர்களுக்கும் வந்ததில்லை.

சிரிப்பதற்கு இவை போதும். சிந்திப்பதற்கு உரூவான் நகரத்துக்குப் போவோம். பிரான்சின் நார்மாண்டிப் பகுதியில் உள்ளது அது. பால்வளம் மிகுந்த நாடு. ஒலிவ எண்ணெய் விளையாத நாடு. அங்கே நாற்பது நாள் வெண்ணெய் தொடாதே என்றால் மக்கள் எதில் சமைப்பது? அதற்கும் வழி இருந்தது. பணம் செலுத்தினால் இசைவு கிடைக்கும்! 1485 முதல் 1506 வரை அந்நகரப் பேராலயத்தில் எழுந்த ஒரு கோபுரத்துக்கு 'வெண்ணெய்க் கோபுரம்' என்றே பெயர். தவக்காலத்தில் வெண்ணெய் உண்ண மக்கள் கொடுத்த காசில் கட்டியது என்பது அப்பெயருக்கு வழங்கும் காரணம். இன்றும் வானளாவி நிற்கிறது அது. கலையழகு உடையது என்பதை மறுக்கவில்லை. ஆனால் தோழர்களே, பாவம் என்று சொன்ன பொருள், காசு விழுந்தவுடன் பாவமற்றது ஆகிவிடுமானால், பாவம் வெண்ணெயில் இருந்ததா, காசின்மையில் இருந்ததா? மார்ட்டின் லூதர் 1520-இல் செருமன் பிரபுக்களுக்கு விடுத்த மடலில் இதையே பிடித்துக்கொண்டார். உரோமில் இருப்பவர்கள் நோன்பைப் பார்த்து நகைக்கிறார்கள். செருப்புக்குத் தடவவும் தகாத எண்ணெயை நம்மை உண்ணச் செய்துவிட்டு, வெண்ணெய் உண்ணும் உரிமையை நமக்கே விற்கிறார்கள் என்பது அவர் குற்றச்சாட்டு. உண்ணும் உரிமை நம்முடையது; அதை விற்க இவர்கள் யார் என்பதே அதன் சாரம்.

காசில்லாதவன் கதி என்ன? வால்டேர் அதைச் சொல்கிறார். சேன் குளோது என்னும் மலைப்பகுதியில் குளோது கீயோன் என்ற நொடித்துப்போன ஒருவன், பசி தாங்காமல், அண்டைப் புல்வெளியில் கொல்லப்பட்டுக் கிடந்த குதிரையின் ஊனை நோன்பு நாளில் உண்டான். 1629, சூலை 28-இல் அவன் தலை வெட்டப்பட்டது. குற்றமும் தண்டனையும் பற்றிப் பெக்காரியா எழுதிய நூலுக்கு 1766-இல் வரைந்த உரையிலே வால்டேர் இதனை எடுத்துக்காட்டுகிறார். அதே நாளில் செல்வர் மேசையில் விலையுயர்ந்த மீன்கள் வரிசையாக வந்திருக்கும். அவர்கள் விதியை மீறவில்லை! கன்றிப்போன குதிரைக் கறியைத் தின்றவன் கழுத்து போயிற்று. கடவுளுக்கு இதில் என்ன மகிழ்ச்சி இருந்திருக்கக்கூடும் என்று கேட்க அன்று அங்கே ஒருவர் இல்லை.

இங்கிலாந்தின் கதை வேறு வகை. உரோமின் தலைமையை உதறிய பின்னும் மீன் நாட்களை அந்நாட்டு அரசு விடவில்லை. 1563-ஆம் ஆண்டுச் சட்டம் தவக்காலத்தையும் பழைய மீன் நாட்களையும் காத்ததோடு புதன்கிழமையையும் சேர்த்துக்கொண்டது. காரணம் கப்பற்படை! மீன் விற்றால் மீனவர் பெருகுவர். மீனவர் பெருகினால் கடற்போருக்கு ஆள் கிடைக்கும். ஆன்மா ஈடேற்றத்துக்காக இந்த மீன் நாள் என்று எவரேனும் பிரசாரம் செய்தால், பொய்ச்செய்தி பரப்பியவர் எனத் தண்டிக்கப்படுவர் என்றும் அதே சட்டம் எழுதிவைத்தது. நேற்று வரை மோட்ச வழி. இன்று மோட்சம் என்று சொன்னால் தண்டனை. மீன் அதே மீன்தான்.

இவ்வளவுக்கும் நடுவே, நம் நெஞ்சில் நிற்பது சூரிச்சு நகரத்து அச்சகம்.

1522, மார்ச்சு 9. தவக்காலத்தின் முதல் ஞாயிறு. கிறித்தோப் புரோசவர் என்ற அச்சகர் தம் வீட்டில், தம் தொழிலாளர்களுக்கும் நண்பர்களுக்கும் புகையிட்டு உலர்த்திய சாசேஜ் இறைச்சியைச் சிறு சிறு துண்டுகளாக நறுக்கிப் பரிமாறினார். ஆளுக்கு ஒரு வாய் கூடத் தேறியிராது. நகரப் பெருங்கோவிலின் குருவான சுவிங்லி உடனிருந்தார், உண்ணவில்லை. செய்தி பரவியது, நகரமன்றம் விசாரிக்கத் தொடங்கியது. புரோசவர் மன்றத்துக்குத் தந்த விளக்கத்தைப் படிக்கும்போது உள்ளம் உருகுகிறது. பிராங்க்பர்ட் சந்தைக்குள் நூலை முடித்தாக வேண்டும். இரவு பகல் பாராமல் உழைக்கிறோம். வெறும் கூழைக் குடித்து இந்த வேலை செய்ய முடியவில்லை. எப்போதும் மீன் வாங்கவோ வசதியில்லை என்பது அவர் சொன்னதன் கருத்து. மறையியல் வாதத்தை அவர் முன்வைத்த இடமும் உண்டு. நமக்கோ இந்தக் கூழ் வாதமே பெரிது. எழுத்தாணி பிடித்து நோன்பின் பெருமையை எழுதுகிறவர் கை வேறு. அந்த எழுத்தையே ஈயத்தில் கோத்து, மை தடவி, திருகுமரத்தை இழுத்து இழுத்து அச்சிடுகிறவர் கை வேறு. முன்னவருக்குப் பசி ஒரு பயிற்சி. பின்னவருக்குப் பசி ஒரு பகை.

சுவிங்லி இரண்டு வாரம் கழித்து, மார்ச்சு 23-இல், உணவுத் தேர்வும் உரிமையும் பற்றிச் சொற்பொழிவாற்றினார். ஏப்ரல் 16-இல் அது நூலாக வெளிவந்தது. நோற்க விரும்புகிறவன் நோற்கட்டும், இறைச்சியை விட விரும்புகிறவன் விடட்டும். ஆனால் பிறனைக் கட்டாயப்படுத்த எவருக்கும் உரிமையில்லை என்பது அவர் கொள்கை. வேலையற்றுத் தின்று கொழுத்தவனுக்கு நோன்பு தேவைப்படலாம். உழைப்பாளியின் உடலை மண்வெட்டியும் கலப்பையுமே அடக்கி வைக்கின்றன என்றும் அவர் சொன்னார். ஒரு துண்டு இறைச்சியில் தொடங்கிய வழக்கு, சில ஆண்டுகளில் சூரிச்சையே உரோமின் ஆட்சியிலிருந்து பிரித்தது.

சுவிங்லியைப் போற்றிவிட்டு அவரோடு நின்றுவிட நமக்கு மனமில்லை. 1527 சனவரி 5-இல் அதே சூரிச்சு, பெலிக்சு மான்சு என்ற இளைஞரைக் கை கால் கட்டி லிம்மத்து ஆற்றில் மூழ்கடித்தது. குழந்தைக்கு ஞானஸ்நானம் செல்லாது, வளர்ந்து தெளிந்தவருக்கே அது உரியது என்று சொன்னதும் செய்ததும் அவர் குற்றம். உணவில் உரிமை கேட்டவர்கள், நம்பிக்கையில் உரிமை கேட்டவரை ஐந்தாண்டுக்குள் நீரில் அமிழ்த்தினார்கள்! சீர்திருத்தம் பாதிவழியில் சிம்மாசனம் ஏறிவிட்டால் விளைவு இதுதான்.

இவ்வளவும் சொன்ன பின், கிறித்தவத் தோழர்கள் நம்மிடம் வருத்தத்தோடு ஒன்று கேட்கலாம். நோன்பு என்பது வயிற்றுக் கணக்கு மட்டுமா, ஈகை இல்லையா, மனமாற்றம் இல்லையா என்று. உண்டு, அவர்கள் ஏட்டிலேயே உண்டு. ஏசாயா என்ற தீர்க்கதரிசியின் பெயரால் வழங்கும் நூலின் ஐம்பத்தெட்டாம் அதிகாரத்தை அவர்கள் ஒருமுறை நிதானமாகப் படிக்கட்டும். நோற்கிற நாளிலேயே வேலையாட்களை வாட்டுகிறீர்களே என்று அந்தக் கிழவன் சீறுகிறான். நாணலைப் போலத் தலைகுனிந்து சாம்பலில் படுப்பதா நோன்பு என்று கேட்கிறான். அநீதியின் கட்டை அவிழ்ப்பது, நுகத்தடியை முறிப்பது, பசித்தவனுக்கு உணவைப் பகிர்வது, இருக்க இடமற்றவனை வீட்டுக்குள் ஏற்பது, இவையே நோன்பு என்கிறான். கடவுள் பெயரால் பேசினான் என்பதற்காக அவனை நாம் ஒதுக்கத் தேவையில்லை. கடவுள் பெயரை எடுத்துவிட்டாலும் அவன் வாதம் நிற்கிறது. நுகத்தடியை எடுத்துவிட்டால்தான் நிற்காது!

இன்று விதிகள் தளர்ந்துவிட்டன. 1966-இல் ஆறாம் பவுல் போப்பாண்டவர், கட்டாய உண்ணாநோன்பைச் சாம்பல் புதனுக்கும் பெரிய வெள்ளிக்கும் என்று சுருக்கினார். ஈகையும் இரக்கமும் முதன்மை என்று வலியுறுத்தினார். வரவேற்கிறோம். பிரேசில் நாட்டு ஆயர்கள் 1964 முதல் நாடெங்கும், ஆண்டுக்கொரு சமூகச் சிக்கலை முன்வைத்து, தவக்காலத்தில் சகோதரத்துவ இயக்கம் நடத்திவருகிறார்கள். தட்டைப் பார்த்த நோன்பு, தெருவைப் பார்க்கத் தொடங்கியது என்று அதைச் சொல்லலாம். ஈகையால் மட்டும் ஏழ்மை தீராது என்பது நம் துணிபு. எனினும் தெருவைப் பார்க்கிறவரோடு நமக்குப் பேச ஏதோ ஒன்று இருக்கிறது.

எல்சால்வடோர் நாட்டுப் பேராயர் ஆசுகார் ரொமேரோவை இங்கே மறக்க முடியாது. 1980, மார்ச்சு 23. தவக்காலத்தின் ஐந்தாம் ஞாயிறு. உழவரைச் சுட்டுத் தள்ளிக்கொண்டிருந்த இராணுவத்தின் வீரர்களை நோக்கி அவர் பேசினார். நீங்கள் கொல்வது உங்கள் சொந்த உழவர் உடன்பிறப்புகளை. கொல் என்ற ஆணைக்குப் பணியாதீர்கள், அடக்குமுறையை நிறுத்துங்கள் என்றார். மறுநாள் மாலை, வழிபாடு நடத்திக்கொண்டிருந்தவரைச் சுட்டுக் கொன்றார்கள். அவர் நம்பிய மேலுலகத்தை நாம் நம்பவில்லை. அவர் அன்று என்ன உண்டார், எதை விலக்கினார் என்று நாம் கேட்கவும் போவதில்லை.

வியன்னாவின் கலைக் காட்சியகத்தில், பீட்டர் புரூகல் 1559-இல் தீட்டிய ஓவியமொன்று இருக்கிறது. களியாட்டத்துக்கும் தவக்காலத்துக்கும் நடக்கும் போர் அது. இடப்புறம் மதுக்கடை, வலப்புறம் தேவாலயம். பீப்பாய் மேல் சவாரி செய்யும் தடியன் கையில், பன்றித் தலையும் கோழியும் செருகிய கம்பி வேலாகிறது. எதிரே, ஒரு துறவியும் ஒரு கன்னிகையும் இழுக்கும் வண்டியில் எலும்பும் தோலுமாக அமர்ந்திருக்கிறது தவக்காலம். தலையில் தேன்கூடு, கையில் அப்பத் துடுப்பு, துடுப்பின் மேல் இரண்டு மீன். இருவர் மீதும் ஓவியருக்கு மரியாதை இல்லை. கொழுத்தவன் எவ்வளவு நகைப்புக்குரியவனோ, மெலிந்தவளும் அவ்வளவே. நம் பிரசாரகர்கள் இந்தப் படத்தைப் பார்க்க வேண்டும். நோன்பைச் சாடுகிறோம் என்பதால் பெருந்தீனிக்குக் கொடி பிடிக்கிறோம் என்று யாரும் கருதிவிடக் கூடாது அல்லவா?

இந்த இரு கூட்டத்தாருக்கும் இடையிடையே, ஊன்றுகோலோடும் தட்டோடும், நொண்டிகளும் பிச்சைக்காரர்களும் கிடக்கிறார்கள். மதுக்கடைப் பக்கத்தில் அவர்களைத் திரும்பிப் பார்ப்பவர் இல்லை. தேவாலயப் பக்கத்தில் காசு போடுகிறவர்கள் உண்டு. வலப்புறக் கீழ் மூலையில், வயிறு வீங்கிக் கிடக்கும் ஓர் உடலையும் புரூகல் வரைந்திருந்தார். பிற்காலத்தில் யாரோ அதன்மேல் வண்ணம் பூசி மறைத்துவிட்டார்கள். அவருடைய மகன் வரைந்த படிகளில் அந்த உடல் இருக்கிறது. மூலப் படத்தில் இன்று, அந்த இடத்தில், ஒரு வெள்ளைத் துணி மட்டும் விரிந்து கிடக்கிறது.